வேளாண்மைப் பட்டயப் படிப்பு: யாருக்கு, எதற்கு?

(பண்ணை ஒலிபரப்பில் நிகழ்த்திய வானொலிப் பேச்சு)



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்து பத்து நாளைக்குள் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்களின் கேள்வி மாறிவிடும். அதுவரைக்கும் "விதை வந்திருச்சா, மானியம் எப்ப வரும்" என்று கேட்டவர்கள், மதிப்பெண் பட்டியலை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருவார்கள். பிள்ளையும் கூடவே வந்து வாசற்படியிலேயே நிற்கும்.

2022-ஆம் ஆண்டு அப்படி ஒரு விவசாயி தன் மகளோடு வந்தார். மூன்று ஏக்கர் நிலம். வாய்க்கால் பாசனம், கோடைக்கு ஒரு போர்வெல். மகளுக்கு வேளாண்மைப் பட்டப்படிப்பில் சேர ஆசை. மதிப்பெண் கொஞ்சம் குறைந்துபோயிற்று. பட்டயப் படிப்பு, அதாவது டிப்ளமா இருக்கிறது, அதில் சேர்த்துவிடுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர் என்னிடம் கேட்டது இது:

"சார், நாலு தலைமுறையா நெல்லு வெக்கிறோம். நாத்து விடறதும் களை எடுக்கிறதும் இந்தப் புள்ளைக்குத் தெரியாதா? அதுக்கு ரெண்டு வருஷம் பணம் கட்டி ஒரு படிப்பா? டிகிரின்னாலும் பரவாயில்ல. டிப்ளமான்னா நாலு பேரு என்ன நெனப்பாங்க?"

உங்களில் பலருக்கும் இந்தக் கேள்வி இருக்கும். பயிர் வைக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்குப் பயிர்ப் படிப்பு எதற்கு என்பது ஒன்று. பட்டத்தை விடப் பட்டயம் மட்டமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் என்னால் முடிந்த பதிலை இன்று சொல்கிறேன். கூடவே, பணத்தைக் கட்டி ஏமாந்துவிடாமல் இருக்க என்னென்ன விசாரிக்க வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

படிப்பு எப்படிப்பட்டது?

வேளாண்மைப் பட்டயம் என்பது பிளஸ் டூ முடித்தவர்கள் சேருகிற இரண்டாண்டுப் படிப்பு. நான்கு அரையாண்டுகளாகப் பிரித்து நடத்துவார்கள். வேளாண்மைக்குத் தனிப் பட்டயம், தோட்டக்கலைக்குத் தனிப் பட்டயம், வேளாண் பொறியியலுக்குத் தனிப் பட்டயம் என்று பிரிவுகள் உண்டு.

நம் மாநிலத்தில் வேளாண் கல்வி இன்று நேற்று வந்ததல்ல. 1868-இல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு வேளாண்மைப் பள்ளியாகத் தொடங்கியது. 1906-இல் அது கோயம்புத்தூருக்குப் போயிற்று. அங்கே கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அந்தப் பல்கலைக்கழகம் தன்னுடைய நிலையங்களிலும், தன்னோடு இணைந்த தனியார் நிறுவனங்களிலும் பட்டயப் படிப்பை நடத்தி வந்திருக்கிறது. திருச்சி மாவட்டம் குமுளூர், புதுக்கோட்டை மாவட்டம் வம்பன் என்ற ஊர்ப் பெயர்கள் இந்தப் படிப்பால் பல வீடுகளுக்குத் தெரிந்தவை. எந்த ஆண்டில் எங்கெங்கே எத்தனை இடம், எந்தப் பாடம் எடுத்தவர்கள் சேரலாம் என்பதெல்லாம் அந்தந்த ஆண்டு அறிவிக்கையில் வரும். அதைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பட்டப்படிப்பு நான்கு ஆண்டு. அதில் ஏன், எதனால் என்ற விளக்கம் அதிகம். மேலே ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு அது வேண்டும். பட்டயப் படிப்பில் எப்படி, எவ்வளவு, எப்போது என்பது அதிகம். பாதி நாள் வயலில்தான் இருக்க வேண்டும். விதைப்பிலிருந்து அறுவடை வரை மாணவர்களே பயிர் செய்து, வரவு செலவும் எழுத வேண்டும். வெயிலுக்கும் சேற்றுக்கும் அஞ்சுகிற பிள்ளைக்கு இது ஒத்துவராது. இதை முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது.

அப்பாவுக்குத் தெரியாதது என்ன?

அந்த விவசாயியிடம் நான் ஒரு கேள்வி கேட்டேன். "ஐயா, போன போகத்தில அடியுரமா என்ன போட்டீங்க?"

"ஏக்கருக்கு ஒரு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டி.ஏ.பி. எல்லாரும் போடறதுதான்."

மகளைத் திண்ணையில் உட்காரச் சொல்லி, ஒரு தாளும் பேனாவும் கொடுத்தேன். கணக்கு நான் சொல்ல, அந்தப் பிள்ளை போட்டது. நீங்களும் போட்டுப் பாருங்கள்.

யூரியாவில் 100 கிலோவுக்கு 46 கிலோ தழைச்சத்து. இப்போது வருகிற யூரியா மூட்டை 45 கிலோ. ஆக ஒரு மூட்டையில் 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து இருக்கிறது. டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ. அதில் மணிச்சத்து 100-க்கு 46, தழைச்சத்து 100-க்கு 18. ஆக ஒரு மூட்டையில் 23 கிலோ மணிச்சத்தும், கூடவே 9 கிலோ தழைச்சத்தும் இருக்கிறது. டி.ஏ.பி.யை மணிச்சத்து உரம் என்றே நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குள் தழைச்சத்தும் இருக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

மண் பரிசோதனைச் சீட்டில் உங்கள் வயலுக்கு அடியுரமாக ஏக்கருக்கு 20 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து என்று எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மணிச்சத்து 20 கிலோவுக்கு டி.ஏ.பி. 43 கிலோ 500 கிராம் வேண்டும். அதிலேயே ஏறக்குறைய 7 கிலோ 800 கிராம் தழைச்சத்து வந்துவிடுகிறது. மிச்சம் வேண்டியது 12 கிலோ 200 கிராம். அதற்கு யூரியா இருபத்தாறரைக் கிலோ போதும். நீங்கள் போட்டது 45 கிலோ. பதினெட்டரைக் கிலோ யூரியா அதிகம்.

அந்தப் பிள்ளை விடையைப் படித்ததும் அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு, "மூணு ஏக்கருக்கும் அப்படித்தான் போட்டேன்" என்றார்.

அதிகம் போட்ட யூரியா காசோடு போய்விட்டால்கூடப் பரவாயில்லை. பயிர் கருகருவென்று கொழுத்து நிற்கும். பார்க்க அழகாக இருக்கும். இலைச்சுருட்டுப் புழுவுக்கும் புகையானுக்கும் குலைநோய்க்கும் அதுதான் பிடிக்கும். பிறகு மருந்துக்கு ஒரு செலவு. ஆக இந்தத் தவறுக்கு நாம் இரண்டு தடவை பணம் கட்டுகிறோம்.

நாற்று விடவும் களை எடுக்கவும் உங்கள் பிள்ளைக்குத் தெரியும். அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. படிப்பு கற்றுக்கொடுப்பது அளப்பதும் எண்ணுவதும். கை வேலை செய்வதற்கு முன்னால் கண் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதுதான் இரண்டு ஆண்டுப் பாடத்தின் சாரம்.

வகுப்பில் சொல்லிக்கொடுப்பவை சில

மண்மாதிரி எடுப்பதைப் பாருங்கள். "ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிட்டு வந்திருக்கேன், பாத்துச் சொல்லுங்க" என்று வருகிறவர்கள் இன்றும் உண்டு. அந்த மண் வரப்போரத்து மண்ணா, எருக்குழிப் பக்கத்து மண்ணா என்று யாருக்குத் தெரியும்? முறை இப்படி: மேலே கிடக்கிற சருகை ஒதுக்கிவிட்டு, ஆங்கில எழுத்து 'வி' போலக் குழி வெட்ட வேண்டும். நெல், நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம். பருத்தி, கரும்புக்கு 22.5 செ.மீ. குழியின் ஓரத்திலிருந்து மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாக ஒரு சீவல் எடுக்க வேண்டும். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் இப்படி எடுத்து, நன்றாகக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பக்கம் இரண்டை விலக்கிவிட வேண்டும். அரைக் கிலோ வரும் வரைக்கும் இப்படியே பிரிக்க வேண்டும். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட வேண்டும். உரச்சாக்கில் போட்டால் பரிசோதனையே பொய்யாகிவிடும். மரத்தடி, வரப்போரம், எரு குவித்த இடம், புதிதாக உரம் போட்ட வயல், இவற்றில் எடுக்கக் கூடாது. இதைப் பட்டய மாணவன் ஒரு தடவை கேட்டுவிட்டுப் போவதில்லை. கையால் பல தடவை செய்கிறான்.

விதையைப் பாருங்கள். கடையில் வாங்கும் மூட்டையில் கட்டியிருக்கிற அட்டையின் நிறத்தை எத்தனை பேர் கவனிக்கிறோம்? நீல அட்டை சான்று பெற்ற விதை. வெள்ளை அட்டை ஆதார விதை. நெல்லில் சான்று விதை என்றால் நூற்றுக்கு எண்பதாவது முளைக்க வேண்டும். வீட்டு விதையாக இருந்தால் ஈரச் சாக்கில் நூறு விதையை வரிசையாக வைத்துச் சுருட்டி, முளைத்ததை எண்ணிப் பார்த்துவிட்டு நாற்றங்காலுக்குப் போக வேண்டும். பொக்கையை ஒதுக்க உப்புக் கரைசல். ஒரு வாளித் தண்ணீரில் நல்ல கோழிமுட்டையைப் போட்டால் அடியில் போய் நிற்கும். உப்பைக் கரைத்துக்கொண்டே வந்தால் முட்டை மேலே வரும். பழைய நாலணாக் காசு அளவுக்கு முட்டையின் தலை வெளியே தெரிந்தால் கரைசல் பக்குவம். விதையைக் கொட்டிக் கலக்கி, மிதப்பதை எடுத்துவிட்டு, அடியில் நிற்பதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை கழுவி விதைக்கலாம்.

மருந்து டப்பாவில் முக்கோணம் இருக்கிறதே, அதையும் படிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அதற்கு அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றாலும் நஞ்சுதான். வெறுங்கையால் கலக்கக் கூடாது.

இவற்றோடு களை நிர்வாகம், பாசனம், பண்ணைக் கருவிகள், தோட்டப் பயிர், கால்நடை, பண்ணைக் கணக்கு எல்லாம் பாடமாக உண்டு. பண்ணைக் கணக்குதான் நம் வீடுகளுக்கு மிகவும் வேண்டியது என்று நான் நினைக்கிறேன். வீட்டாள் கூலியையும் நில வாடகையையும் செலவில் எழுதிப் பார்த்தால், லாபம் என்று நாம் நினைத்த போகத்தில் நஷ்டம் வந்திருப்பது தெரியும்.

பட்டயம் மட்டமா?

நான் பட்டப்படிப்புப் படித்தவன். அதனால் இதை நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு ஒரு வயலுக்குப் போனேன். பயிர் திட்டுத் திட்டாகப் பழுத்துக் காய்ந்திருந்தது. நான் வரப்பில் நின்றபடியே இலையைப் பறித்து, சத்துக் குறைபாடா, நோயா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என்னோடு வந்த உதவி வேளாண்மை அலுவலர் பட்டயம் படித்தவர், என்னை விட மூத்தவர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி, ஒரு குத்தை இரண்டு கையாலும் விலக்கி, தண்ணீர் மட்டத்துக்கு மேலே அடித்தண்டைக் காட்டினார். பழுப்பு நிறத்தில் புகையான் அப்பிக் கிடந்தது. "சார், இது மேல இருந்து பாத்தாத் தெரியாது" என்றார். அன்றைக்குப் பிறகு நான் வரப்பில் நின்று யோசனை சொன்னதில்லை.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஒரு பட்டயதாரர். பட்டத்துக்கு ஒரு வேலை, பட்டயத்துக்கு ஒரு வேலை. ஊர் மதிப்பு என்பது நாம் கட்டிவைத்தது.

படித்தால் என்ன வழி?

முதலில் அரசு வேலை. வேளாண்மைத் துறையில் உதவி வேளாண்மை அலுவலர் பதவிக்கு இரண்டாண்டு வேளாண்மைப் பட்டயம் தகுதி. தோட்டக்கலைத் துறையில் உதவித் தோட்டக்கலை அலுவலர் பதவிக்குத் தோட்டக்கலைப் பட்டயம். அரசுப் பணியாளர் தேர்வாணையம் அறிவிக்கை வெளியிட்டுத் தேர்வு வைக்கும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அறிவிக்கை ஒவ்வொரு ஆண்டும் வரும் என்று சொல்ல முடியாது. வந்தாலும் படித்தவர் எல்லோருக்கும் இடம் இருக்காது. அரசு வேலை ஒன்றுக்காகவே என்று நினைத்துக் கடன் வாங்கிப் படிக்கவைக்காதீர்கள்.

இரண்டாவது, இடுபொருள் கடை. உரமும் பூச்சிமருந்தும் விற்க உரிமம் கேட்பவர்களுக்கு 2015-இல் படிப்புத் தகுதி கொண்டுவரப்பட்டது. வேளாண்மைப் பட்டயம் அந்தத் தகுதிகளில் ஒன்று. படித்த பிள்ளை கடை வைத்தால் ஊருக்கும் நல்லது. எந்தப் பூச்சி என்று கேட்காமலே டப்பாவை எடுத்து நீட்டுகிற பழக்கம் கொஞ்சமாவது குறையும்.

மூன்றாவது, வேளாண் மருந்தகம், வேளாண் தொழில் மையத் திட்டம். மத்திய அரசு 2002-இல் தொடங்கியது. பட்டதாரிகளோடு, ஐம்பது சதவீத மதிப்பெண்ணாவது பெற்ற பட்டயதாரர்களும் இதில் சேரலாம். 45 நாள் பயிற்சி கொடுப்பார்கள். நாற்றுப்பண்ணை, மண் பரிசோதனை, கருவி வாடகை நிலையம், மண்புழு உரம், விதை உற்பத்தி போன்ற தொழிலுக்கு வங்கிக் கடன் கிடைக்க வழி உண்டு. திட்ட மதிப்பில் பொதுப் பிரிவினருக்கு 36 சதவீதம், பெண்களுக்கும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கும் 44 சதவீதம் மானியம் என்று வைத்திருக்கிறார்கள். பத்து லட்ச ரூபாய்த் திட்டம் என்றால் பெண்ணுக்கு 4 லட்சத்து 40 ஆயிரம். இந்த மானியம் கையில் வராது, கடன் கணக்கில்தான் சேரும். கடனை வங்கி பார்த்துத்தான் கொடுக்கும், திருப்பியும் கட்ட வேண்டும். விதிகள் அவ்வப்போது மாறும். நபார்டு அலுவலகத்திலோ, வங்கியிலோ விசாரித்துவிட்டு இறங்குங்கள்.

நான்காவது, உங்கள் நிலம். கடைசியில் சொன்னாலும் இதுதான் கைவசம் இருக்கிற வழி. வேறு வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மூன்று ஏக்கரில் உரம் எவ்வளவு, மருந்து வேண்டுமா வேண்டாமா, எந்தப் பயிர் கட்டுபடியாகும் என்று எண்ணிச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருப்பது பெரிய பலம்.

சேர்வதற்கு முன் விசாரியுங்கள்

இப்போது ஒரு வருத்தமான செய்தி. எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயி, கறவை மாட்டை விற்று, மனைவியின் சங்கிலியையும் அடகு வைத்து, மகனை ஒரு தனியார் நிறுவனத்தில் வேளாண்மை டிப்ளமா சேர்த்தார். இரண்டு ஆண்டு முடிந்தது. பளபளவென்று சான்றிதழ் வந்தது. தேர்வுக்கு விண்ணப்பிக்கப் போனபோதுதான், அந்தச் சான்றிதழ் ஏற்கப்பட்ட பட்டியலில் இல்லை என்று தெரிந்தது. நிறுவனத்தில் போய்க் கேட்டால், "நாங்க வேலை வாங்கித் தர்றோம்னு சொன்னமா?" என்று கேட்டார்களாம். அவர் அந்தச் சான்றிதழை என் மேஜை மேல் வைத்துவிட்டு, "இதுல என்ன சார் குறை? முத்திரை எல்லாம் இருக்கே" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அவர் சேர்ப்பதற்கு முன்னால் வந்து கேட்டிருந்தால், அரை மணி நேர வேலை.

ஆகையால், பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த ஐந்தைக் கேளுங்கள்.

ஒன்று: சான்றிதழ் யார் பெயரில் வரும்? பல்கலைக்கழகத்தின் பெயரிலா, அந்த நிறுவனத்தின் பெயரிலேயா? இணைப்பு உண்டு என்று சொன்னால், இந்த ஆண்டுக்கான இணைப்பு ஆணையின் நகலைக் கேளுங்கள். அந்தப் பல்கலைக்கழகத்துக்கே தொலைபேசியில் பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரண்டு: கடைசியாக வந்த அரசுத் தேர்வு அறிவிக்கையில் எந்தெந்த நிறுவனத்தின் பட்டயம் ஏற்கப்படும் என்று எழுதியிருக்கிறது? அறிவிக்கையை வாங்கி, படித்த பிள்ளை ஒன்றை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்று: நிறுவனத்துக்கு நிலம் இருக்கிறதா? கட்டடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். வயலைக் காட்டச் சொல்லுங்கள். கிணறு, பயிர், மாணவர்கள் கையால் செய்த பாத்தி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு வயலைப் பார்த்தால் அதில் வேலை நடக்கிறதா இல்லையா என்று உங்களுக்குத் தெரியாதா? இந்த ஒன்றில் நீங்கள்தான் வாத்தியார்.

நான்கு: இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? கல்விக் கட்டணம், விடுதி, சாப்பாடு, தேர்வுக் கட்டணம், செய்முறைக் கட்டணம் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். கட்டுகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வேண்டும்.

ஐந்து: "இதைப் படித்தால் நேராகப் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டு சேர்ந்துவிடலாம், வேலை உறுதி" என்று யாராவது சொன்னால், அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.

இந்த ஐந்துக்கும் பதில் தெரியவில்லை என்றால் உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு வாருங்கள். விதை வாங்க வருகிற மாதிரியே இதற்கும் வரலாம்.

படிக்கும் வயது தாண்டியவர்களுக்கு

"எங்களுக்கு வயசாயிருச்சு, நாங்க என்ன பண்றது" என்று கேட்பவர்களுக்கும் வழி இருக்கிறது. உரக்கடை, மருந்துக்கடை வைத்திருப்பவர்களுக்கு என்று தனியாக ஓராண்டுப் பட்டயப் படிப்பு உண்டு. ஐதராபாத்தில் உள்ள தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம் 2003-இல் தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள் வகுப்பு, கடை அடைக்கிற நாளாகப் பார்த்து வைப்பார்கள். அந்தந்த மாநில மொழியிலேயே பாடம்.

விவசாயிகளுக்கு வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன. இந்தியாவிலேயே முதல் நிலையம் 1974-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில்தான் தொடங்கியது. ஒரு நாள், இரண்டு நாள் பயிற்சிகள் நடக்கும். மண்மாதிரி எடுப்பதும், உரக் கணக்குப் போடுவதும், பூச்சியை எண்ணுவதும் கற்றுக்கொள்ளச் சான்றிதழ் வேண்டியதில்லை.

அந்தப் பிள்ளை என்ன ஆயிற்று?

சேர்ந்தாள். இணைப்பு ஆணை, கட்டண விவரம் எல்லாம் பார்த்த பிறகுதான் அவர் பணம் கட்டினார்.

2023 டிசம்பரில் அரையாண்டு விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். சம்பா கதிர் விட்டிருந்தது. பக்கத்து வயலில் புகையானுக்கு மருந்தடித்தார்கள். இவரும் கடையில் மருந்து வாங்கி வந்து, மறுநாள் காலை அடிக்க ஆளுக்கும் சொல்லிவிட்டார். மகள், "எண்ணிப் பாத்துட்டு அடிக்கலாம்ப்பா" என்றாளாம். அவருக்குக் கோபம். "எல்லார் வயல்லயும் போனப்புறம் எண்ணிக்கிட்டு இருப்பியா?"

இருந்தாலும் காலையில் அவள் இறங்கினாள். வயலின் பல பக்கத்தில் பத்துக் குத்தை விலக்கி, தட்டி, எண்ணினாள். பத்துக் குத்திலும் சேர்த்துத் தூர் 120. புகையான் 64. ஆக இரண்டு தூருக்கு ஒரு பூச்சிதான். பத்துக் குத்திலும் சிலந்தி இருந்தது. தூருக்கு ஒரு புகையான் வந்தால்தான் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால், தூருக்கு இரண்டு புகையான் வரும்வரை பொறுக்கலாம். சிலந்தி புகையானைத் தின்னும். கண்ட மருந்தை அடித்தால் முதலில் சாவது சிலந்தி. அதன் பிறகு புகையான் முன்னைவிடப் பெருகும்.

தண்ணீரை வடித்துவிட்டார்கள். மூன்று நாள் கழித்து மறுபடி எண்ணினாள். 41. அடுத்த தடவை இன்னும் குறைவு. மருந்து டப்பாவைத் திறக்கவே இல்லை. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொண்டாரா இல்லையா என்பது வேறு கதை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். எண்ணிக்கை தூருக்கு இரண்டைத் தாண்டியிருந்தால் அந்தப் பிள்ளையே மருந்தடிக்கச் சொல்லியிருக்கும். மருந்தே வேண்டாம் என்று படிப்பு சொல்வதில்லை. எண்ணாமல் அடிக்காதே என்று சொல்கிறது.

அந்த விவசாயி பிறகு விதைக்கு வந்தபோது என்னிடம் சொன்னார்: "மூணு நாள் எனக்குத் தூக்கமே இல்ல சார். ராத்திரி டார்ச்சு எடுத்துட்டுப் போய் நானும் எண்ணிப் பாத்தேன்."

அவர் எண்ணிப் பார்த்தார் என்பதுதான் எனக்குச் சந்தோஷம். அவருடைய அனுபவமும் மகளின் கணக்கும் ஒரே வயலில் சேர்ந்திருக்கின்றன. வயலின் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எங்கே முதலில் பூச்சி விழும் என்பது அவருக்குத்தான் தெரியும். அந்த மூலையில் எத்தனை என்று எண்ணச் சொல்லிக்கொடுத்தது படிப்பு.

உங்கள் வீட்டிலும் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருந்தால், சேறு பிடிக்கும் என்று அது சொன்னால், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று தயங்காதீர்கள். ஐந்து கேள்வியையும் கேட்டுவிட்டுச் சேருங்கள். சந்தேகம் இருந்தால் மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள். பிள்ளையை வாசலில் நிறுத்தாமல் உள்ளே கூட்டிக்கொண்டு வாருங்கள். படிக்கப் போவது அதுதானே.